லாடம் கழற்றிய மாடு

கள்ளக்குறிச்சிப் பதிப்பாளர் சுபாஷ், தேவதர்ஷினியின் முதல் நாவலை மேசைமேல் போட்டார்.

“மாடு பேசட்டும், அழட்டும். வாசகன் ஏத்துக்குவான். அதுக்குன்னு ஊர்த்தெருவுல நுழையறப்ப லாடத்தக் கழட்டி வாயில கவ்விக்கினு நடக்குமா? மாட்டக்கூட யாரும்மா அப்டி நடத்துவாங்க? மிருகக் கதைன்னாலும் நம்பற மாதிரி இருக்கணும்.”

தேவதர்ஷினிக்குச் சிரிப்புதான் வந்தது.

“மொதல்ல மனுசனாத்தான் எழுதியாந்தேன் சார். காலனியிலேர்ந்து வர்ற எங்கப்பா, செருப்பக் கையில எடுத்துக்கினு அந்தத் தெருவுல நடக்கறாருன்னு. ‘இந்தக் காலத்துல மனுசன யாரு அப்டி நடத்தறாங்க? நம்ப முடியல. மிருகக் கதையா மாத்திடு’ன்னீங்க.”

சுபாஷ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அவள் தாள்களை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“மாட்டுக்கும் கீழ இன்னா பிராணி சார் இருக்குது? சொல்லுங்க, மாத்திடறேன்.”