தளம் போடும் நாள்

தளம் போடும் நாளில் வேலையாட்களுக்கு வீட்டுக்காரர் மட்டன் பிரியாணி போடுவது வழக்கம். சித்தாள் பொன்னுருவிக்கு அதுவே வினையாகப் போயிற்று. புத்தி வேலையை விட்டு எங்கே போனாலும், தலையில் மாட்டிய ஹெல்மெட் அதை ஊருக்கே கேட்கிற மாதிரி கத்திவிடும். மூன்று தடவை கத்தினால் ஆள் கேட்டுக்கு வெளியே, சாப்பாடு கிடையாது.

அவளுடையது இரண்டு தடவை கத்திவிட்டது. இரண்டும் பிரியாணிதான்.

"யக்கா, கலவைய மட்டும் நெனை. பிரியாணிய நெனைச்சிராத," என்றான் சூப்பர்வைசர் முத்திருளன்.

"நீ வாய மூடுனாலே நெனைக்க மாட்டேன்யா."

"ஜல்லி, மணல், சிமெண்டு" என்று முணுமுணுத்தபடியே சட்டியோடு ஏணியேறினாள். மேலே கொத்தனாரின் ஹெல்மெட் "பிரியாணி!" என்று அலறியது. அதைக் கேட்டதும் கம்பி கட்டுகிறவனுடையது அலறியது. அப்புறம் வரிசையாக எல்லாமே மூன்றாம் முறையாக அலறின, பொன்னுருவியுடையதும்தான்.

"எல்லாரும் வெளிய போங்க!" என்று முத்திருளன் ஓடிவந்தான். அவன் ஹெல்மெட் அவனைவிடச் சத்தமாகக் கத்தியது:

"நல்லி எலும்பு! மூன்றாம் முறை!"

பொன்னுருவி சட்டியை இறக்கி வைத்தாள்.

"வாய்யா, சேந்தே போவோம். பிரியாணி அண்டா கேட்டுக்கு வெளியதான் எறங்கியிருக்கு. கலவை இறுகுறதுக்குள்ள தின்னுட்டு வந்துருவோம்."