மூடியாச்சு அக்கா

"செடிக்குப் போர்வை போர்த்திய எந்தச் சமூகமும் உருப்பட்டதாகச் சரித்திரத்தில் இல்லை, அக்கா."

மிகுந்த பொறுப்புணர்வோடு சொன்னான் அவன். இரண்டு ஸ்வெட்டர், ஒரு மப்ளர், ஒரு குரங்குக் குல்லா இவற்றுக்குள் இருந்தபடி சொன்னான்.

பிலோமினா அக்கா துணி மூட்டையை அவன் கையில் வைத்தாள்.

"மூணே மூணு ராத்திரி சார். தங்கச்சி பொண்ணு கல்யாணம், போகாம இருக்க முடியாது. அஞ்சு மணிக்கு மூடிடுங்க. காலைல வெயில் ஏறினதும் எடுத்துடுங்க."

"தாலாட்டும் பாடணுமாக்கா?"

"உங்க குரலுக்குப் பனியே தேவலை சார்."

அவன் அவள் வீட்டு மாடியறையில் குடியிருக்கிறான். கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர். சாத்தூர்க்காரன். ஊட்டிக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. பனியைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் இருக்கிற அளவுக்குத் தெரியும்.

வாசலில் ஒரு பாய் அகலத்துக்குத் தோட்டம். பதினான்கு தொட்டிகள். எல்லாவற்றிலும் ஒரே செடி. பூ தலைகீழாகத் தொங்கும். அதனால் அக்கா வாயில் அது ஜிமிக்கிச் செடி. மே மாத வீட்டுத் தோட்டப் போட்டியில் இரண்டு வருடமாக அவளுக்கு இரண்டாம் பரிசு. அடுத்த மே மாதத்துக்கு வேண்டிய கன்றுகளெல்லாம் இந்தப் பதினான்கிலிருந்து குச்சி ஒடித்து நட்டு வரவேண்டியவை.

முதல் நாள் அவன் மூடவில்லை.

கொள்கை ஒரு காரணம். இன்னொரு காரணம், வெளியே குளிராக இருந்தது.

அன்று மேகமூட்டம். செடிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இரண்டாம் நாளும் மேகம். இதை ஆசிரியர் அறையில் ஒரு பரிசோதனையின் முடிவாக அறிவித்தான். உள்ளூர்க்காரர்கள் டீயைக் குடித்தார்கள்.

தினமும் ஆறு மணிக்கு மேட்டுப்பாளையத்துக் கல்யாண வீட்டிலிருந்து அக்காவின் போன் வரும்.

"மூடிட்டீங்களா சார்?"

"மூடியாச்சு அக்கா."

மூன்றாம் நாளும் அதையேதான் சொன்னான். அன்று வானம் துடைத்து விட்டாற்போல் இருந்தது.

விடிந்தபோது புல்லெல்லாம் வெள்ளை. தொட்டிகளின் மேல் யாரோ சர்க்கரையைக் கொட்டிவிட்டுப் போனமாதிரி. படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினான். கீழே, 'எங்க வாசல்ல காஷ்மீர்' என்று எழுதினான்.

ஒன்பது மணிக்கு வெயில் வந்தது. வெள்ளை உருகியது.

அடியில் கறுப்பு.

இலைகள் வெந்த கீரை மாதிரி தண்டோடு ஒட்டிக் கிடந்தன. ஒன்றைத் தொட்டான். விரலோடு வந்துவிட்டது. அடுத்த தொட்டி. அதற்கடுத்தது. ஒன்றாவது தன் பக்கம் சாட்சி சொல்லும் என்று பதினான்கையும் தொட்டான். ஒரு குச்சியை ஒடித்துப் பார்த்தான்.

உள்ளே பச்சை இல்லை.

கல்லூரிக்குப் போனான். வெப்ப இழப்பு பற்றிய பாடம். மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும் என்று பலகையில் எழுதினான். மேலே ஒரு துணி இருந்தாலே பெரும்பகுதியைத் தடுத்துவிடலாம் என்று எழுதினான். பிறகு கொஞ்ச நேரம் தன் கையெழுத்தையே படித்துக்கொண்டு நின்றான்.

பாடம் முடிந்ததும் போன்.

"கெளம்பிட்டேன் சார். அஞ்சரைக்கெல்லாம் வந்துடுவேன்."

நாலரைக்கு மூட்டையை அவிழ்த்தான்.

இப்போதுதான் முதல்முறையாக அவிழ்க்கிறான். பழைய புடவைகள், ஒரு திரைச்சீலை, கிழிந்த போர்வை. எல்லாவற்றையும் தொட்டி அளவுக்கு வெட்டி, ஓரம் மடித்து, கட்டுவதற்கு நாடா தைத்திருந்தாள். எண்ணிப் பார்த்தான். பதினான்கு.

ஒவ்வொன்றாகப் போர்த்தினான். உள்ளே இருப்பது துளிகூடத் தெரியாதபடி இழுத்துக் கட்டினான்.

கடைசி முடிச்சில் கேட் திறந்தது.

அக்கா பையோடு நின்றாள். தொட்டிகளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

"சார்." குரல் ஒரு மாதிரி இருந்தது. "ஒண்ணு சொல்லணும். கல்யாண வீட்ல எனக்கு நிம்மதியே இல்ல. இவரு எங்க மூடப் போறாரு, சும்மா போன்ல சொல்றாருன்னு தங்கச்சிகிட்ட உங்களை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மன்னிச்சுக்கோங்க."

அவன் வாயைத் திறந்தான்.

"அக்கா, அது வந்து..."

"அட, நீங்க எதுக்குக் கூச்சப்படறீங்க? தப்பு என்னோடது." அதிரசப் பொட்டலத்தை அவன் கையில் திணித்தாள். "காலைல நானே எடுத்துடறேன். நீங்க நல்லாத் தூங்குங்க."

வாசற்படி ஏறியவள் தன் கதவருகே திரும்பினாள்.

"சார், அந்த ஓரத் தொட்டில துணி தொய்ஞ்சு இலையில படுது பாருங்க. பட்டா அந்த இடம் கருகிடும். ரெண்டு குச்சி நட்டுத் தூக்கி விட்டுடுங்க."

"சரிக்கா."

கதவு சாத்திக்கொண்டது.

அவன் பொட்டலத்தைப் படியில் வைத்தான். வேலியோரம் தேடி இரண்டு குச்சி எடுத்துவந்தான். ஓரத் தொட்டியில் ஊன்றி, துணியைத் தூக்கி நிறுத்தினான். சுற்றி வந்து பார்த்தான். இப்போது இலையில் படவில்லை.

அடுத்த தொட்டியின் முன் குனிந்தான்.

அதிலும் பட்டுக்கொண்டிருந்தது.