இருந்தாலும் நம்ம ஆளு

புங்கமரத்துக்கு யார் தலைவர் என்று காகங்களுக்கும் மைனாக்களுக்கும் தேர்தல் வந்தது. காகக் கட்சியில் வேட்பாளராக நிற்க இரண்டு காகங்கள் ஆசைப்பட்டன. உள்கட்சி வாக்கெடுப்பில் நீளமூக்கு ஜெயித்தது. மொட்டைவால் ஒரே ஓட்டில் தோற்றது.

அந்தக் கட்சியில் ஒரு விதி உண்டு. தோற்றவர்தான் ஜெயித்தவரைக் கூடு கூடாகக் கூட்டிப்போய் ஓட்டுக் கேட்க வேண்டும். நீளமூக்கின் கழுத்தில் மாலையைப் பார்த்தபோதெல்லாம் மொட்டைவாலுக்கு வயிறு எரிந்தது. ஆனால் விதியை அது மீறவே இல்லை.

குருவிக் கூட்டில் சொன்னது: “அண்ணன் ஒரு காலத்துல உங்க முட்டையைக் குடிச்சவர்தான். இருந்தாலும் நம்ம ஆளு, பார்த்துப் போடுங்கம்மா.”

கிளிப் பொந்தில் சொன்னது: “பருந்து வந்தா அண்ணன்தான் முதல்ல பறப்பாரு. இருந்தாலும் நம்ம ஆளு.”

நீளமூக்கு சிறகைக் கூப்பியபடி பக்கத்திலேயே நின்றது. தனக்காகத் தொண்டை வற்ற ஓட்டுக் கேட்கிறவனை எப்படித் திட்டுவது?

மைனா ஜெயித்தது.

அடுத்த தேர்தலில் உள்கட்சி ஓட்டு மொட்டைவாலுக்கு விழுந்தது. மாலை போட்டுக்கொண்டு கிளம்பியது. தோற்றுப்போன நீளமூக்கு முன்னால் பறந்து, நேராகக் குருவிக் கூட்டில் போய் இறங்கியது.

“சொந்தக் கட்சிக்காரனையே கவுத்தவர்தான். இருந்தாலும்…”

“நம்ம ஆளு,” என்று குருவியே முடித்துவிட்டு, முட்டைகளின் மேல் இன்னும் அழுந்தி உட்கார்ந்தது.