முதல் சட்டை

நாட்டை ஆளும் தலைவரின் மனைவி தையல் மெஷின் வழங்கும் விழா. 'ஆதரவற்ற பெண்களுக்கு' என்று பேனரில் படித்ததுமே ஞானசௌந்தரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆதரவைப் பிடுங்கியது யாராம்?

"கும்பிட்டுட்டு, கேமராவைப் பார்த்துச் சிரிக்கணும்" என்றார் அதிகாரி.

அவள் கும்பிடவில்லை. மெஷினோடு கொடுத்த இஞ்ச் டேப்பை எடுத்து அந்தம்மாவின் கையில் வைத்தாள்.

"முதல் சட்டை என் வீட்டுக்காரருக்குத்தான். உங்க வீட்டுக்காரர் அனுப்புன போலீஸ் அவரை இழுத்துட்டுப் போய் ரெண்டு வருஷமாச்சு, தகவலே இல்ல. ரொம்ப எளைச்சிருப்பாரு. எங்க வச்சிருக்காங்கன்னு கேட்டு, நீங்களே அளவெடுத்துட்டு வாங்கம்மா."

அந்தம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றது.

அடுத்த மெஷின் பக்கத்தில் நின்றவளும் தன் டேப்பை எடுத்தாள்.