இரண்டு ராணிகளும் ஆர்லோவும்

ரீனோ நகரத்துச் சூதாட்டக் கூடத்தில், குளிரூட்டி பனிமலையையே ஊதிக்கொண்டிருக்கும் காலை பத்தேகால் மணிக்கு, வெர்னாவின் முதுகில் வியர்வை ஆறாக ஓடுகிறது. அவள் கையில் இரண்டு ராணிகள். மேசை நடுவே எல்லோருக்கும் பொதுவாக மல்லாந்து கிடக்கும் ஐந்து போக்கர் சீட்டுகளில் ஒரு ஏஸ் அவளைப் பார்த்துப் பல்லிளிக்கிறது; எதிராளி கையில் இன்னொரு ஏஸ் இருந்தால் ராணிகளின் கதை முடிந்தது. எதிரே ஆர்லோ, தன் பந்தய வில்லைகள் மொத்தத்தையும் முன்னே தள்ளிவிட்டுச் சிலையாக உட்கார்ந்திருக்கிறார். டைனோசர்கள் செத்த பிறகு அந்த மனுஷர் கையில் நல்ல சீட்டு இல்லாமல் பொய்யாகப் பந்தயம் கட்டியதாகச் சரித்திரமே இல்லை. சரிக்குச் சரி கட்டித் தோற்றால், வாரம் ஒருநாள் ஆடவென்று அவள் கொண்டுவரும் இருநூறு டாலரும் காலி. முதியோரை வீட்டுக்குக் கூட்டிப்போகும் வண்டி கிளம்பும் நாலு மணிவரை சுவரைப் பார்த்துக் கொட்டாவிதான்.

"என்ன வெர்னா, அடைகாக்கறியா? குஞ்சு பொரிச்சா எழுப்பு" என்கிறார் பக்கத்து நாற்காலி டுவெய்ன்.

"நீ வாய மூடிக்கிட்டுக் காப்பியக் குடிய்யா!"

"பாத்துக்கிட்டே இருங்க, நமக்கெல்லாம் இங்கயே கருமாதி நடக்கப் போகுது. நேரத்த எண்ணச் சொல்லுங்கப்பா!" என்று மேசைக்கே கேட்கக் கத்துகிறார் டுவெய்ன்.

மேற்பார்வையாளர் வந்து பத்திலிருந்து கீழே எண்ணுகிறார். பூஜ்யம் வந்தால் அவள் சீட்டு செத்தது. விளக்கொளியில் ஏஸ் பளபளக்கிறது. "மூணு... ரெண்டு..." வெர்னா கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு வில்லையை மேசையில் வரைந்திருக்கும் பந்தயக் கோட்டுக்கு அப்பால் எறிகிறாள். ஒன்று தாண்டினால் மொத்தமும் தாண்டியதாகத்தான் இங்கே சட்டம்.

ஏஸ் வைத்திருப்பவன் அதைத் திருப்பிக் காட்ட அரை நொடிகூடப் பொறுக்கமாட்டான். ஆர்லோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைக்கிறார். துடைத்துக்கொண்டே இருக்கிறார்.