தீனி டப்பாவுக்கு ஒரு பூட்டு

“யாரு போட்டது இது? யாரு?”

கொல்லைப்புறத்தில் கணக்கு வாத்தியார் கத்தினார். ஓய்வு பெற்ற கையோடு தானே அளந்து, தானே வெட்டி, ஓரமெல்லாம் கல் பதித்து அவர் கட்டிய மீன்குளம் பச்சைப்பசேலென்று கிடந்தது. மேலே தீனி உருண்டைகள் மிதந்தன.

சமையலறையிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தாள்.

“நான்தாங்க. வாயைத் திறந்துக்கிட்டு வந்துச்சுங்க. பாவமா இருந்துச்சு.”

“மீன்னா வாயைத் திறக்கத்தான் செய்யும்! தபால்காரர் போய் நின்னாலும் திறக்கும். அதுக்காகக் கொட்டுவியா? காலையில ஒரு கைப்பிடி, அதோட சரி. மிச்சம் அழுகினா தண்ணி கெடும், மீன் சாகும். எத்தனை தடவை சொல்றது?”

“இனிமே போடலைங்க.”

“இதைத்தான் நேத்தும் சொன்னே!”

லீவுக்கு வந்திருந்த மகளுக்கு வெறுத்துப் போனது. வந்த நாளிலிருந்து இதே பாட்டு.

“ஏம்மா, அவர் ஆசை ஆசையா கட்டின குளம். ஒரு கைப்பிடியோட நிறுத்தினா உனக்கு என்ன குறைஞ்சு போகுது?”

“மறந்து போகுதுடி” என்று வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள் அம்மா. இந்த அம்மாவை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது!

அன்று சாயந்திரமே வாத்தியார் தீனி டப்பாவுக்கு ஒரு பூட்டு போட்டார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுத் தட்டிக் காட்டினார்.

“இனிமே எப்படி எடுக்கறேன்னு பார்க்கறேன்.”

மறுநாள் காலையிலும் தீனி மிதந்தது. பக்கத்தில் ஒரு சிவப்பு மீன் மல்லாந்து கிடந்தது.

வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. குரல் மட்டும் இறங்கவில்லை.

“பூட்டின டப்பாவை எப்படித் திறந்தே?”

“நீங்க குளிக்கப் போனப்போ சட்டையிலேருந்து சாவியை எடுத்தேங்க.”

“திருட்டு வேறயா! ஒரு உயிரைக் கொன்னுட்டு நிக்கறியே!”

மகளுக்கு அம்மாவின் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. நாளைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு கட்டினாள். விடிந்ததும் மாடி ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அப்பா வந்தார். டப்பாவைத் திறந்து ஒரு கைப்பிடி போட்டார். அளவாகத்தான் போட்டார். பூட்டிவிட்டு உள்ளே போனார்.

கொஞ்ச நேரத்தில் தோளில் துண்டோடு திரும்பி வந்தார். மீன்கள் வாயைத் திறந்துகொண்டு கூடின.

“அடடா, இன்னும் உங்களுக்கு ஒண்ணும் போடலையா? பசிக்குதா கண்ணுங்களா?”

மறுபடியும் பூட்டைத் திறந்தார். ஒரு கைப்பிடி போட்டார். போனார். குளித்துத் தலை துவட்டிக்கொண்டே மறுபடியும் வந்தார்.

மூன்றாவது கைப்பிடியும் போட்டார்.

அவர் தலை மறைந்ததும் அம்மா வலையோடு ஓடி வந்து, மிதந்ததையெல்லாம் அவசர அவசரமாக அள்ளினாள். மகள் கீழே ஓடினாள்.

“அம்மா, அப்பாவுக்கு...”

“மெதுவா பேசு. டாக்டர்கிட்ட காட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். எல்லாத்தையும் அள்ளி முடிக்கறதுக்குள்ள வந்துடறார், அதான் மாட்டிக்கறேன்.”

“அதுக்கு நீ ஏம்மா திட்டு வாங்கணும்? அவர்கிட்டயே சொல்லிட வேண்டியதுதானே?”

“ஒரு தடவை சொன்னேன். அன்னிக்கு முழுக்கச் சாப்பிடலை, பேசலை. வாழ்நாள் பூரா கணக்குச் சொல்லிக் கொடுத்த மனுஷன். தன் மீனைத் தானே கொல்றோம்னு தெரிஞ்சா தாங்குவாரா? என்னைத் திட்டறவரைக்கும் தெம்பா இருக்கார். இருந்துட்டுப் போகட்டும்.”

மகள் அம்மாவின் கையிலிருந்த வலையை வாங்கிக்கொண்டாள்.

“யாரு போட்டது இது? யாரு?”

பின்னால் வாத்தியார் நின்றிருந்தார். அள்ளாமல் விட்ட உருண்டைகள் இன்னும் மிதந்துகொண்டிருந்தன.

அம்மா வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

“நான்தாம்ப்பா போட்டேன்.”

வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார்.

“நீயுமா? அப்படியே உங்கம்மாவை உரிச்சு வெச்சிருக்கே!”