முகம் வேண்டாம்

"முகம் வேண்டாம் சார். முதுகுப் பக்கம் மட்டும் வரைஞ்சு கொடுத்தா போதும்."

படக்கதை ஓவியர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்திருந்தவரை ஏற இறங்கப் பார்த்தார். பஸ் டிரைவர். வேலை முடிந்து சீருடையோடு நேரே வந்திருந்தார். மடியில் ஒரு தடித்த ஃபைல்.

அதை வாங்கிப் புரட்டிய ஓவியருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. பெயர் பெற்ற படக்கதை ஓவியர்கள் பலர் கையால் வரைந்து கொடுத்த அசல் படங்கள். எல்லாமே ஒரே நடிகையின் பேர்போன சினிமாக் காட்சிகள். அவள் ஒரு காலத்தில் சண்டைப் படங்களில் கொடிகட்டிப் பறந்தவள். ஒன்றில் குதிரை மேல் போகிறாள், ஒன்றில் ஓடும் ரயிலின் கூரையில் தாவுகிறாள். ஆனால் ஒன்றில்கூட முகம் இல்லை. எல்லாம் பின்னாலிருந்து பார்த்த மாதிரி.

ஓவியருக்கும் சின்ன வயதில் அந்த நடிகை என்றால் உயிர். அவள் கண்ணுக்காகவே ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தவர் அவர். அந்தக் கண்ணை விட்டுவிட்டு முதுகை வரைவதா என்று கேட்டார்.

டிரைவர் சங்கடத்தோடு சிரித்தார். "வீட்ல ஒத்துக்க மாட்டா சார். முகம் இருந்தா அந்தப் படத்தைக் கையால தொடக்கூட மாட்டா."

ஓவியருக்கு விஷயம் விளங்கிவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு சரி என்று தலையாட்டினார். டிரைவர் கேட்டது, நடிகை ஒரு மொட்டை மாடியிலிருந்து எதிர் மாடிக்குத் தாவும் காட்சி. அவள் நடித்த சினிமாக்களிலேயே பெயர் வாங்கிய காட்சி அதுதான்.

வரைய உட்கார்ந்தபோது கை கேட்கவில்லை. நடுவானத்தில் தாவுகிறவள் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்ப்பதுபோல் வரைந்துவிட்டார். அந்தக் கண்கள் அப்படியே வந்திருந்தன.

டிரைவர் வந்து வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப அழகாக இருக்கிறது, ஆனால் இதை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது, மன்னிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, முதுகுப் பக்கமாக வரைந்தால் கூப்பிடச் சொல்லி போன் நம்பரை எழுதி வைத்துவிட்டுப் போனார்.

ஓவியருக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு முழுக்க மனைவியிடம் இதையே சொல்லிச் சொல்லிக் கேலி செய்தார். புருஷனுக்கு நடிகை மேல் கிறுக்கு, பெண்டாட்டிக்கு வயிற்றெரிச்சல், நடுவில் என் உழைப்பு வீண் என்றார்.

அவருடைய படக்கதைகளுக்கு வசனம் எழுதிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "முகத்தைப் போட்டா யார்னு எல்லாருக்கும்தான் தெரியும். முதுகை வெச்சே தெரிய வெச்சாத்தானே நீங்க ஓவியர்?"

அது முள்ளாகத் தைத்தது. ஆனாலும் ஆண்டு மலர் வேலை தலைக்கு மேல் இருந்தது. இரண்டு தடவை டிரைவர் போன் செய்தபோது, பார்க்கலாம் பார்க்கலாம் என்று தட்டிக் கழித்தார். பிறகு போன் வருவது நின்றுவிட்டது.

மலர் அச்சுக்குப் போன பிறகுதான் மூச்சு விட நேரம் கிடைத்தது. அந்தப் பழைய சினிமாவைப் போட்டு, மாடி தாவும் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். இத்தனை வருஷமும் கண்ணையே பார்த்தவருக்கு அந்த உடம்பு இப்போதுதான் தெரிந்தது. தாவுவதற்கு முன் தோள்பட்டை லேசாக நடுங்கியது. அடுத்த நொடி, நடக்கிறது நடக்கட்டும் என்பதுபோல் இரண்டு கைகளும் விரிந்தன. அதை அப்படியே காகிதத்தில் கொண்டுவந்தார். தன் வாழ்நாளில் இப்படி ஒரு கோடு விழுந்ததில்லை என்று அவருக்கே தோன்றியது.

போன் செய்து விலாசம் கேட்டு, தானே எடுத்துக்கொண்டு போனார். டிரைவர் கதவைத் திறந்தார். சின்ன வீடு. கூடத்து மூலையில் ஒரு சக்கர நாற்காலி மடக்கி வைக்கப்பட்டிருந்தது.

படத்தைக் கையில் வாங்கிய டிரைவர் அந்தத் தோள்பட்டையை விரலால் தொட்டார். "அவளேதான் சார். அச்சு அசல் அவதான்."

ஓவியருக்கு உச்சி குளிர்ந்தது. உங்கள் வீட்டம்மாவும் பார்க்கட்டும், இந்தத் தடவை அவர்கள் குறை சொல்ல வழியே இல்லை என்றார்.

"போன மாசம் போய்ச் சேர்ந்துட்டா சார். கடைசி வரைக்கும் உங்க படம் வந்துடுச்சான்னுதான் கேட்டுக்கிட்டிருந்தா."

பொறாமைக்காரி என்று தான் மனைவியிடம் சொல்லிச் சிரித்த பெண் எதற்காகத் தன் படத்துக்குக் காத்திருந்தாள் என்று ஓவியருக்குப் புரியவில்லை. பார்க்கலாம் பார்க்கலாம் என்று தான் சொன்னது மட்டும் காதுக்குள் கேட்டது.

டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒரு உதவி சார். இதே படத்தை, முகம் தெரியற மாதிரி இன்னொண்ணு வரைஞ்சு கொடுக்க முடியுமா?"

ஓவியருக்கு மனம் கசந்தது. தடுக்கிறவள் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் முகம் வேண்டியிருக்கிறது. நீங்கள் வேண்டாம் என்ற பழைய படம் வீட்டில் சும்மாதான் கிடக்கிறது, கொடுத்தனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

"அந்த முகம் இல்ல சார்." டிரைவர் சட்டைப் பையிலிருந்து தன் மனைவியின் புகைப்படத்தை எடுத்து நீட்டினார். "இந்த முகம். அந்த நடிகைக்குப் பதிலா அன்னிக்கு மாடியிலேர்ந்து குதிச்சது இவதான். தான் உசிரோட இருக்கிற வரைக்கும் வெளியில சொல்ல மாட்டேன்னு அந்த அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தா."